பாடத்திற்கு முன் தேவையை அறிதல்

தொழில்சார் ஆங்கிலப் பாடம் வகுப்போர், முதலில் கற்போரின் தேவையை அறிதல் வேண்டும். ஹட்சின்சன், வாட்டர்ஸ் இருவரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை மூன்றாகப் பகுத்தனர்: பணிக்கு இன்றியமையாதது, கற்பவரிடம் இல்லாதது, அவர் விரும்புவது.

செவிலியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பணிநேரம் மாறும்போது நோயாளியின் நிலையையும் மருந்தின் அளவையும் அடுத்தவரிடம் பிழையின்றிச் சொல்வது அவருக்கு இன்றியமையாதது. மருத்துவக் குறிப்புகளைப் படித்தறியும் அவர், வாய்விட்டுச் சொல்லும்போது தடுமாறுகிறார், குறை அதுவே. தயக்கமின்றி உரையாடுதல் அவர் விருப்பம். இவற்றைக் கேட்டறியாத பாடம் மீண்டும் இலக்கண விதிகளையே கற்பிக்கும். அளவு ஒன்று பிறழச் சொல்லப்பட்டால் துன்புறுபவர் நோயாளியே.

ஆகவே, பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் ஒன்றைக் கவனியுங்கள்: தங்கள் பணியைக் குறித்து அந்நிறுவனம் தங்களிடம் என்ன கேட்டது?