பழைய இரும்பில் வெடிபொருள்: குறியைப் படிப்போம், கை வைக்காதிருப்போம்



நம் வடுகபட்டிச் சந்தைக்குக் கொடைக்கானல் மலையிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பூண்டு வருகிறது. பழைய இரும்பும் அப்படித்தான் ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. அது எங்கே கழித்துப் போட்ட பொருள் என்பது தராசுக்குத் தெரியாது. பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்களுக்கும், தள்ளுவண்டியில் போய் வாங்கி வருபவர்களுக்கும், விடுமுறை நாளில் அவர்களுக்குக் கைகொடுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மாதப் பாடம்.

நடந்த இரண்டு சம்பவங்கள்

2020 பிப்ரவரியில் திருப்போரூர் அருகே உள்ள மானாமதி கிராமத்தில், கோயில் குளம் தூர்வாரியபோது கிடைத்த ஒரு பொருள் வெடித்தது. என்னவென்று தெரியாமல் இளைஞர்கள் அதை உடைத்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். உயிரிழப்பு நேர்ந்தது, சிலர் காயமடைந்தனர்.

2004 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தின் காஜியாபாத் பகுதியில் ஓர் இரும்பு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் பலர் இறந்தனர். அதன் பிறகே இரும்புக் கழிவு இறக்குமதிக்குச் சோதனை விதிகள் கடுமையாயின.

பெட்டியில் உள்ள குறி

வெடிபொருள் ஏற்றிய லாரியிலும் பெட்டியிலும் ஆரஞ்சு நிறத்தில் சாய்சதுர அட்டை ஒட்டியிருக்கும். அதன் கீழ் மூலையில் உள்ள 1 என்ற எண் வெடிபொருள் வகுப்பைக் குறிக்கும். இது ஐ.நா. வகுத்த, உலகம் முழுதும் வழங்கும் முறை. ஆபத்தின் தன்மையை அடுத்த எண் சொல்லும்.

1.1: மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும்.
1.2: துண்டுகள் சிதறிப் பாயும்.
1.3: பெருந்தீ பிடிக்கும்.
1.4: ஆபத்து பெரும்பாலும் பெட்டியைச் சுற்றியே இருக்கும்.
1.5, 1.6: எளிதில் வெடிக்காதவை, ஆனால் வெடிபொருள்களே.

எண்ணை அடுத்து ஓர் எழுத்தும் இருக்கும். எதை எதோடு சேர்த்து வைக்கலாம், வைக்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். கடையில் விற்கும் பட்டாசுப் பெட்டிகளில் 1.4ஜி என்று பார்க்கலாம். துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளில் பெரும்பாலும் 1.4எஸ் இருக்கும்.

பொருளின் மேல் உள்ள குறி

தோட்டாவின் அடிப்பாகத்தில் தொழிற்சாலையின் அடையாளமும் ஆண்டும் பொறித்திருப்பது வழக்கம். கே.எஃப். என்றிருந்தால் அது புனே அருகே கட்கியில் உள்ள தோட்டாத் தொழிற்சாலையில் செய்தது. பெரிய குண்டுகளுக்கு வண்ணம் பூசுவார்கள். பல நாட்டு ராணுவங்களில் மஞ்சள் வீரியமான வெடிமருந்தைக் குறிக்கும், நீலம் பயிற்சிக்கானது. பயிற்சிக் குண்டிலும் சிறிதளவு மருந்து இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

முக்கியமான பாடம்

குறி இருந்தால் ஆபத்து உண்டு என்று அறியலாம். குறி இல்லாததால் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் கிடந்த குண்டில் வண்ணம் உரிந்திருக்கும், எழுத்து துருவில் மறைந்திருக்கும். நாட்டுக்கு நாடு வண்ணமும் மாறும். வெளியே துருப்பிடித்தாலும் உள்ளே உள்ள மருந்து பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஆகவே குறியைத் தேடிப் பொருளைப் புரட்டவோ துடைக்கவோ கூடாது. குறி படிப்பது தூரத்திலிருந்தே விலகிப் போவதற்காக. உடைத்துப் பித்தளை எடுக்கலாமா என்று முடிவு செய்வதற்காக அல்ல.

கண்டால் என்ன செய்வது?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள், தீ வைக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, அங்குள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு விலகுங்கள். தள்ளி வந்த பிறகு 112-க்குப் போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள். மற்றதை வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் பார்த்துக்கொள்வார்கள். எடைக்கு வாங்கிய மூட்டையில் இருந்தாலும் இதுவே முறை. போலீஸ் கேள்வி கேட்குமே என்று பயந்து வாய்க்காலில் வீசிவிட்டால், நாளை அதை எடுப்பது யார் வீட்டுப் பிள்ளையோ!

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. ஆரஞ்சு அட்டையில் 1.1 என்றால் என்ன?
2. துருப்பிடித்த குண்டு வெடிக்குமா?
3. எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்?

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.