ஒயரைப் பார்த்து ட்யூனர் வாங்குங்கள்

கம்ப்யூட்டரில் டிவி பார்க்க எந்த ட்யூனர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்குள் வரும் ஒயரில் என்ன வருகிறது? அது தெரியாமல் கடைக்குப் போனால் காசு தண்டம்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய பிசிஐ ட்யூனர் கார்டுகள் சல்லிசாகக் கண்ணில் படும். அவை அனலாக் கேபிள் காலத்துச் சரக்கு. அன்றைக்கு ஒயரைக் கார்டில் செருகினாலே படம் வந்துவிடும். இப்போது கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் கட்டணச் சேனல்கள் பூட்டித்தான் வருகின்றன. சாவி ஆபரேட்டர் தரும் செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. எத்தனை ஆயிரம் போட்டு ட்யூனர் வாங்கினாலும் அந்தப் பூட்டு திறக்காது.

மிஞ்சுவது டிடி ஃப்ரீ டிஷ். சந்தா கிடையாது, பெரும்பாலான சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. எங்கள் வீட்டில் ட்யூனர் வைத்திருப்பதே இதற்காகத்தான். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவதைத் தூர்தர்ஷன் நேரலையாகத் தரும்போது, அதைப் பழுதில்லாமல் எடுத்து வைக்க வேண்டும் எனக்கு. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் டிஜிட்டல் தரவை ட்யூனர் அப்படியே ஹார்டு டிஸ்கில் எழுதிவிடுகிறது. நடுவில் சுருக்குவதும் மாற்றுவதும் இல்லாததால் படத்திலோ பாட்டிலோ துளியும் குறையாது. நொடிக்கு 3 மெகாபிட் அளவில் வரும் சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி ஆகும்.

ஆகவே கேட்டு வாங்க வேண்டியது செயற்கைக்கோள் சிக்னலுக்கான டிவிபி-எஸ்2 ட்யூனர். டிவிபி-டி2 என்று எழுதிய யூஎஸ்பி ட்யூனர் மலிவாக இருக்கும். ஆனால் அது தரைவழி ஆன்டெனாவுக்கானது, டிஷ்ஷுக்கு ஆகாது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இதை அட்டைப்பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. மாடியில் டிஷ் முனையில் இருக்கும் எல்என்பிக்கு ட்யூனர்தான் அதே ஒயர் வழியாகக் கரண்ட் அனுப்ப வேண்டும். 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்ட அலைகளையும் எல்என்பி பிடிக்கும். சாதாரண யூஎஸ்பி 2.0 துளையில் கிடைப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர், இரண்டரை வாட்தான். ட்யூனரும் ஓடி எல்என்பியும் ஓட அது காணாது. யூஎஸ்பி வகை என்றால் தனி அடாப்டரோடு வருவதை எடுங்கள். டெஸ்க்டாப் இருந்தால் உள்ளே பொருத்தும் பிசிஐ-எக்ஸ்பிரஸ் கார்டுதான் என் தேர்வு. ஒரு மாலை முழுக்க நீளும் கச்சேரியைப் பதியும்போது யாராவது ஒயரைத் தட்டிவிட்டார்களா என்ற கவலை இல்லை.

பிராண்டைவிட உள்ளிருக்கும் சிப் முக்கியம். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப்போடு பதிப்புகள் வருவதுண்டு. டிரைவர் ஒன்றுக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. லினக்ஸ்காரர்கள் சிப் பெயரைக் கேட்காமல் பணம் கொடுக்கவே கூடாது. விண்டோஸில் பழைய மீடியா சென்டரை நம்பி வாங்காதீர்கள். விண்டோஸ் 10-இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

இரட்டை ட்யூனர் வேண்டுமா என்றால், அநேகமாக வேண்டாம். செயற்கைக்கோளின் ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் சேர்ந்தே வருகின்றன. டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள் இருந்தால், ஒற்றை ட்யூனரிலேயே அவற்றில் ஒன்றைப் பதிந்துகொண்டு இன்னொன்றைப் பார்க்கலாம்.

மிச்சமாகும் பணத்தை டிஷ்ஷில் போடுங்கள். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறத்தாழ 68 டிகிரி உயரம். டிஷ் திருப்பும்போது ட்யூனரின் பெரிய உபகாரம் தெரியும்: சிக்னல் தரத்தை எண்ணாகக் காட்டும். போல்ட்டைத் தளர்த்தி ஒரு விரற்கடை நகர்த்தினேன். கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். ஏறியது, இன்னும் ஏறியது, இறங்கியது. ஒரு நூல் பின்னால் கொண்டுவந்து முடுக்கினேன். படம் தெளிவாக வந்துவிட்டதே என்று அங்கேயே நிறுத்திவிடாமல், எண் உச்சத்துக்குப் போகும்வரை திருப்புங்கள். ஐப்பசி மழையில் படம் கட்டம் கட்டமாக உடையாமல் தாங்குவது அந்த உபரியால்தான்.