வடசென்னைக்கு வரும் இளம் மனநல ஆலோசகருக்கு: குழுவா, தனியா?

மனச்சோர்வில் இருக்கும் இளையோருக்குக் குழுச் சிகிச்சையா, தனிநபர் சிகிச்சையா என்பதை முதலில் நோயின் கடுமைதான் முடிவு செய்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, 12 முதல் 18 வயதினரின் லேசான மனச்சோர்வுக்குக் குழுச் சிகிச்சையை முதற்கட்டத் தேர்வுகளில் ஒன்றாக வைக்கிறது. சோர்வு முற்றியவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைச் சொல்கிறது. சாகத் தோன்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை அடுத்த வாரக் குழுவுக்கு வரச் சொல்லி அனுப்பவே கூடாது. அன்றே தனியாக உட்கார்ந்து பேசி, ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் ஆள் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கடுமைக்கு அடுத்தது, ஊர். காசிமேட்டிலோ எண்ணூர் மீனவக் குப்பங்களிலோ பத்துப் பேரைக் கூட்டினால் ஒருவன் மாமன் மகனாக இருப்பான், இன்னொருவன் அடுத்த வீடு. அப்பாவின் குடி, காதல், வீட்டில் விழும் அடி ஆகியவற்றை அங்கே பேசினால் விடிவதற்குள் மீன் ஏலக்கூடம் வரை போய்விடும். இவற்றுக்குத் தனியறைதான் சரி. குழு நடத்துவதானால் வெவ்வேறு குப்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது நல்லது.

எல்லோருக்கும் பொதுவான இழப்பு வேறு வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்தது. எண்ணெய் அப்பிய வலையைப் பற்றி ஒருவன் வாய் திறந்தால் மற்றவனும் பேசுவான். தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அங்கே தளரும். குழுவின் உண்மையான பலம் இதுவே. ஆனாலும் அது எல்லோருக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. வடக்கு உகாண்டாவில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோரின் முகாம்களில் 14 முதல் 17 வயதினரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், குழுச் சிகிச்சையால் பெண்பிள்ளைகள் தெளிவாகத் தேறினார்கள். பையன்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. பையன்களின் குழுவை நடத்துபவர் இதை மனதில் வைத்து, ஒவ்வொருவரையும் இடையிடையே தனியாகவும் பார்ப்பது நல்லது.

நேரமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளில் போகும் இளைஞர்கள் கரையில் இருப்பார்கள். வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகளை அதற்குள் முடித்துவிடலாம். திருவொற்றியூர், மணலி ஆலைகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிழமை குறித்த குழு ஒத்துவராது. அவருக்குத் தனிச் சந்திப்புதான் நடைமுறை.

குழுவில் சேர்க்குமுன் ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது தனியாகப் பார்த்துவிட வேண்டும். இடையில் வராமல் நின்றால் எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் அப்போதே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டாரிடம் விசாரிக்கக் கூடாது. ராத்திரி யாரும் இல்லாதபோது அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐயும் எழுதிக் கொடுக்க வேண்டும்.