ஒரே வயதுக்காரர்கள்

எங்கள் பழைய அப்ரைட் பியானோவின் உள்ளே சுத்தியல்களைக் கட்டியிருக்கும் சின்னத் துணிப் பட்டைகள் தொட்டாலே அறுகின்றன. அறுந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. எல்லாம் ஒரே வயதுக்காரர்கள். இன்று தப்பியது நாளை அறும். 88-ஐயும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். அதுவரை ஆக்‌ஷனை, அதாவது சுத்தியல்கள் பொருத்திய இயங்கமைப்பை, வெளியே எடுக்காதீர்கள். பட்டை பிடிக்காத உறுப்புகள் தொங்கிப்போய், திரும்ப மாட்டும்போது உயிரை வாங்கும்.

பழையதைப் பிய்க்காமல் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். ஒன்றை மட்டும் நீளம் பார்க்கப் பத்திரப்படுத்துங்கள். கிளிப் வைத்த புதுப் பட்டை சுத்தியலின் அடியில் நீட்டியிருக்கும் சிறு காம்பில் (கேட்சர்) கவ்விக்கொள்ளும், பசையே வேண்டாம். மறுமுனையின் தோல் துளையைக் கீழேயுள்ள உறுப்பில் நிற்கும் சிறு கம்பியில் கோத்துவிடுங்கள். பிறகு இடது பெடலை மிதித்துப் பாருங்கள். பட்டை விறைத்து அடியிலுள்ள உறுப்பைத் தூக்கினால், கம்பியைச் சுத்தியல் பக்கமாக லேசாக வளையுங்கள். குறடு முரட்டுத்தனமாகப் பட்டால் கம்பி ஒடியும், பொறுமை!