சின்னப் பிள்ளைக்குச் சாதி தெரியாதா?

நம்பிக்கை: பச்சைப் பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது, தொடக்கப் பள்ளியில் அந்தப் பேச்சே வேண்டாம்.

உண்மை: திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடி வருமே, அந்த வேலஞ்செட்டியூர். 2023 செப்டம்பரில் அங்குள்ள ஒன்றியப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண். கலெக்டரே நேரில் வந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அதே மாதம் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும் இதே கதை. அங்கே அமைச்சரும் எம்.பி.யும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பசியோடு வந்த ஆறு வயதுப் பிள்ளை சுடச்சுட உப்புமாவை வேண்டாம் என்றால், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீடு புகட்டியதைப் பள்ளிதான் மாற்ற முடியும். பேசாமலிருந்தால் எப்படி மாறும்?

பள்ளியே புகட்டுவதும் உண்டு. 2022-ல் பெருந்துறை அருகே ஒரு தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியை கைதானார். அது செய்தியானது. வகுப்பறையைத் தினமும் யார் கூட்டுகிறார்கள், தண்ணீர்க் குடத்தைத் தொட யாரை விடுகிறார்கள், மணி அடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் செய்தியாவதில்லை. பிள்ளைகள் இதைத்தான் கவனிக்கிறார்கள். வேலை முறையை எழுதிச் சுவரில் ஒட்டி, வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்; விளக்குமாறு பெண் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிடாது. கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல.

நம்பிக்கை: எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் அதுதான் சமத்துவம்.

உண்மை: காது மந்தமான பிள்ளை கடைசி வரிசையில் இருக்க, டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடமே இல்லை. முன்வரிசையும், முகம் பார்த்துப் பேசுகிற டீச்சரும் அதற்கு வேண்டும். இதைச் சலுகை என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: மாற்றுத்திறன் குழந்தைக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி.

உண்மை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எந்தப் பள்ளி என்பது அவர்கள் விருப்பம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உதவியும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: மில் வேலைக்கு வந்த வடமாநிலத்தார் பிள்ளைகளைச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது.

உண்மை: வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம், 2009. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும் வேண்டும். வேடசந்தூர்ப் பக்கம் இந்தி பேசும் பிள்ளை தமிழில் தடுமாறினால், படிப்பு வரவில்லை என்று ஒதுக்காதீர்கள். அதற்குத் தமிழ் பழக அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய், யார் எங்கே உட்காருகிறார்கள், யார் கூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கல்வித் துறை உதவி எண் 14417.