நாலு இழை, ஓர் ஊடை

தடித்த நூலைத் தேடி அலையாதீர்கள். நெசவு பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சால்வைக்கும் மேசை விரிப்புக்கும் ஏற்ற கனமான பருத்தி நூல் எங்கே கிடைக்கும் என்பதுதான். தேடினால் கிடைக்கும். ஆனால் நாலைந்து நிறத்துக்கு மேல் இருக்காது, வாங்கியது தீர்ந்துபோய் மறுபடி போனால் அதே நிறம் வராது. தடித்த ஒற்றை நூலில் நெய்த துணி விறைப்பாக நிற்கும், தோளில் படியாது. மெல்லிய நூலாக வாங்கி, மூன்று நான்கு இழைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாக ஓட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் வீட்டில் வைத்திருக்கும் சின்ன மேசைத் தறியில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

அண்ணனூர் நெசவாளர் ஊர் அல்ல. மின்ரயில் பணிமனையைச் சொன்னால்தான் பலருக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வரும். அடுத்த ஸ்டேஷனான ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961இலிருந்து இருக்கிறது; அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் இருக்கின்றன. துணிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம்தான், ஆனால் நடப்பது தையல். தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வரை போக வேண்டும். இல்லையென்றால் பூந்தமல்லியில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம். நான் காஞ்சிபுரத்துக்குப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கற்றதுதான் இங்கே சொல்லப்போவதில் பாதி.

முதலில் கணக்கு. பருத்தி நூலுக்கு 20, 40, 60 என்று நம்பர் சொல்கிறார்களே, அது ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நூல் இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஒரு சிட்டம் 840 கெஜம். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்தால் 80 ஆகாது, 20 ஆகும். 40ஐயும் 20ஐயும் சேர்த்தால்? இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுங்கள். 800ஐ 60ஆல் வகுத்தால் 13 சொச்சம். 40ஆம் நம்பரில் மூன்று இழை சேர்த்தாலும் அதே 13 சொச்சம்தான் வரும். கடையில் இல்லாத நம்பரை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் லாபம்.

எடை இப்படி நேராகக் கூடும், பருமன் அப்படிக் கூடாது. நாலு இழை சேர்த்தால் நூலின் குறுக்கு நாலு மடங்கு ஆகிவிடும் என்று நினைத்து, பாவு இழைகளை இடைவெளிவிட்டு நிறுத்தும் அச்சைத் தேர்ந்தெடுத்தால் துணி சல்லடையாக வரும். நாலு இழை உருண்டு நின்றால் குறுக்கு இரண்டு மடங்குதான். அதே சமயம், முறுக்கு இல்லாமல் சேர்த்த இழைகள் உருண்டும் நிற்பதில்லை, துணிக்குள் பட்டையாகப் படுத்துவிடுகின்றன. அதனால் நான் சூத்திரத்தை நம்புவதில்லை. ஓர் அடிஸ்கேலில் சேர்த்த இழைகளை நெருக்காமலும் விலக்காமலும் சுற்றிப் பார்க்கிறேன். ஓர் அங்குலத்தில் 24 சுற்று வந்தால், சாதா நெசவுக்கு அங்குலத்துக்கு 12 பாவு இழை. சால்வை என்றால் அதிலும் ஒன்றிரண்டைக் குறைப்பேன். ஊடை நுழைய இடம் விட்டால்தான் துணி துவளும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல இழையைச் சேர்த்து நெய்வதில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி, தறியில் உட்காருவதற்கு முன்பே, தார் சுற்றும்போதே, அதாவது ஊடை நூலை நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் ஏற்றும்போதே, உண்டாகிவிடுகின்றன. நாலு இழையும் ஒரே இழுப்பில் தாரில் ஏற வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்து ஏறினால், நெய்யும்போது அது மட்டும் மிஞ்சி, துணியின் முகத்தில் சின்னச் சின்ன வளையங்களாக எழும்பி நிற்கும். தறியில் அதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஊசியால் இழுத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அந்தத் தாரை எடுத்துவிட்டு வேறு தார் போடுவதுதான் சுலபம்.

பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தாரு கல்லு மாதிரி இருக்கணும்மா. கட்டைவிரலால அமுக்கு. குழி விழுந்துச்சுன்னா பிரிச்சுத் திருப்பிச் சுத்து, யோசிக்காத." அவர் சொன்னாரே தவிர, ராட்டையில் உட்கார்ந்து சுற்றிக்காட்டியவர் அவர் மனைவி. இடது கையில் ஒரு துண்டுத் துணியை மடித்து, அதற்குள் இழைகளைச் சேர்த்துப் பிடித்து, வலது கையால் சக்கரத்தைச் சுற்றினார். அந்த அம்மாவின் விரல்கள் எந்த இழை தளர்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகின்றன. கைத்தறி வீடுகளில் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள்தான். சேலைக்குக் கூலி பேசும்போது அந்த வேலை தனியாகக் கணக்கில் வருவதை நான் பார்த்ததில்லை.

பட்டில் இந்தச் சேர்ப்பு தறிக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு பட்டுக்கூட்டின் இழை தனியாகக் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கொதிநீரில் ஊறிய எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுத்துத்தான் 20/22 டெனியர் என்று சொல்லப்படும் கச்சாப்பட்டு உருவாகிறது. செரிசின் என்ற பசை அவற்றை ஒட்டவைக்கிறது. அதன் பிறகு அதை முறுக்கி, மறுபடி இரண்டு மூன்றாகச் சேர்க்கிறார்கள். பருத்தியில் நமக்கு அந்தப் பசை இல்லை. அதன் வேலையை விரல்கள்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் ராட்டை இல்லாமல் கோனிலிருந்து சுற்றுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நடுவில் ஓட்டை போட்ட ஸ்டூல் ஒன்றை எடுத்து, ஒரு கோனை ஓட்டைக்கு மேலே நிறுத்துங்கள். இன்னொன்றை ஸ்டூலுக்கு அடியில் வையுங்கள். அடிக்கோனின் இழையை ஓட்டை வழியாக, மேல்கோனின் குழாய்க்குள் நுழைத்து மேலே எடுங்கள். மேல்கோன் பிரியும்போது அதன் இழை, நடுவில் போகும் இழையைச் சுற்றிச் சுற்றி வரும். லேசான ஒரு சுற்று விழுவதால் இரண்டும் பிரியாமல் வரும். மூன்று, நாலு இழை வேண்டுமானால் அடியில் இரண்டு மூன்று கோன் வைத்து எல்லாவற்றையும் அதே குழாய் வழியே எடுக்கலாம். மேலே, கோனின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், வழவழப்பான ஒரு வளையத்தைக் கட்டி அதன் வழியாக இழைகளைத் தாருக்குக் கொண்டுபோங்கள். நான் ஜன்னல் கம்பியில் ஒரு பழைய கண்ணாடி வளையலைக் கட்டியிருக்கிறேன்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் சீலிங் ஃபேன் ஓடும் அறையில் நாலு மெல்லிய இழையைச் சேர்த்துச் சுற்றவே முடியாது. ஆகவே சித்திரை, வைகாசியில் தார் சுற்றும் வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்கிறேன், முதல் மின்ரயில் வண்டிகள் போக ஆரம்பிக்கும் நேரத்துக்கு. இன்னொரு காரணமும் உண்டு. பருத்தி ஈரம் பட்டால் பலம் கூடும், முடி எழும்பாது. காற்று உலர்ந்த நேரத்தில் இழைகள் சிலிர்த்துக்கொண்டு ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். ஐப்பசி மழையில் அதே நூல் சொன்ன பேச்சைக் கேட்கும். வெயில் காலத்தில் சுற்றிய தாரை ஈரத்துணியில் கொஞ்ச நேரம் மூடிவைத்து ஓட்டுங்கள். ரேயானுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அது நனைந்தால் பலம் இழக்கும்.

பாவில் பல இழை சேர்ப்பது வேறு விஷயம். ஊடையில் லேசான சுற்று விழுந்தால் நல்லது. பாவில் விழுந்தால் ஒவ்வொரு முறை அச்சை இழுத்து அடிக்கும்போதும் அந்தச் சுற்று பின்னால் தள்ளப்பட்டு, கடைசி முழத்தில் முடிச்சாக நின்றுவிடும். பாவு ஓடும்போது கோன்களைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வோர் இழைக்கும் நடுவில் ஒரு விரலைக் கொடுத்துப் பிடியுங்கள். அதோடு, புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்த் தறிகளில் அச்சின் ஒரு பல்லில் இரண்டு இழை போவது வழக்கம். அச்சு நம்பரே இரண்டு அங்குலத்தில் எத்தனை பல் என்ற கணக்குதான். 60ஆம் நம்பர் அச்சு என்றால் அங்குலத்துக்கு 30 பல், 60 இழை. பல்லில் இரண்டு சேர்ந்து போனாலும், அவை விழுதில் தனித்தனிக் கண்ணில் போவதால் தனித்தனியாகத்தான் ஏறி இறங்கும். இழைகள் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் விழுதின் ஒரே கண்ணில் சேர்ந்து நுழைய வேண்டும். இதைக் கவனித்தால் போதும்.

ஒற்றை நூல்களைச் சேர்ப்பதா, இரட்டைப்புரி நூல்களைச் சேர்ப்பதா? நான் 2/40, 2/20 பக்கம்தான். ஒற்றை நூலின் முறுக்கெல்லாம் ஒரே திசையில் இருப்பதால், நாலைச் சேர்த்தால் நாலும் ஒரே பக்கம் சுருளப் பார்க்கும். அலசியதும் துணியில் கோணல் கோணலாக வரி தெரியும். இரட்டைப்புரியில் இரண்டாம் முறுக்கு எதிர்த் திசையில் இருப்பதால் அந்த இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

எனக்குப் பிடித்த பகுதி நிறம். இதற்காகத்தான் இவ்வளவு பாடும். மயில்கழுத்து நிறம் தெரியும் அல்லவா, அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணி மடியும்போது நிறம் மாறி மாறி மின்னும். சேர்த்த இழையில் அந்த மின்னல் வராது. ஒரே ஊடைக்குள் இரண்டு மூன்று நிறம் இருப்பதால், எந்த இழை மேலே வருகிறதோ அந்தப் புள்ளி அந்த நிறமாகத் தெரியும். கிட்டே பார்த்தால் தூவல், தள்ளி நின்றால் கலந்த ஒரு நிறம். சிவப்பையும் பச்சையையும் சேர்க்க ஆசை வரும். கையில் பிடித்தால் அழகாகத்தான் இருக்கும். நெய்து பத்தடி தள்ளிப் பார்த்தால் சேற்று நிறம். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் நிறங்களை எடுங்கள்: அரக்கு, மிளகாய்ச் சிவப்பு, ஆரஞ்சு. அதில் நாலாவதாக ஓர் இழை மட்டும் கத்தரிப்பூ நிறம். அந்த ஓர் இழைதான் மற்ற மூன்றுக்கும் ஆழம் கொடுக்கிறது. கறுப்பைச் சேர்ப்பதை நான் அனேகமாக விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் அழுக்காக்குகிறது.

நிறத்தைப் படிப்படியாக மாற்றுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. நாலு இழையும் கருநீலமாகத் தொடங்குங்கள். ஒரு சாண் நெய்ததும் மூன்று நீலம், ஒரு வெள்ளை. பிறகு இரண்டுக்கு இரண்டு, அதன் பிறகு ஒன்றுக்கு மூன்று, கடைசியில் முழு வெள்ளை. இரண்டே நிற நூலில் ஐந்து நிறம் வந்துவிடுகிறது. சாயம் போடத் தெரிய வேண்டியதில்லை. பவானி ஜமக்காளம்போலத் தடித்த ஊடை பாவை முழுக்க மூடிவிடும் நெசவில் இதைச் செய்தால் நிறம் இன்னும் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் பாவின் நிறம் குறுக்கே வந்து கெடுக்காது.

தார் முடிந்து அடுத்த தாரைச் சேர்க்கும் இடத்தில் நாலு பழைய இழையும் நாலு புது இழையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் துணியில் ஒரு புடைப்பு வரும். பழைய இழைகளை ஒரே நீளமாக வெட்டாமல் ஒன்று அரை அங்குலம், ஒன்று ஒன்றரை, ஒன்று இரண்டரை என்று படிப்படியாக விட்டு, புது இழைகளையும் அப்படியே எதிர்ப்படியாக வையுங்கள். முடிச்சே வேண்டாம். ஓரத்தில் திரும்பும்போது இழைகளில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊடையைக் கொஞ்சம் சாய்வாக விட்டு, நாடா போகும் பக்கத்தில் விரலால் எல்லா இழையையும் சேர்த்து ஒருமுறை இழுத்துவிட்டு அடித்தால் ஓரம் நேராகும். மற்றபடி நாடா எறிவதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

எஸ்டேட் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மீதத் தையல் நூல் கோன்களைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். பருத்தியோடு சேர்த்து நெய்தால் தறியில் இருக்கும்வரை பிரமாதமாக இருக்கும். முதல் அலசலில் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. அது நுரைநுரையாக எழும்பி நிற்கும். அந்தச் சுருக்கமே வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தால் நல்ல துணிதான். இரண்டில் எதுவானாலும் ஒரு சாண் மாதிரி நெய்து, வெந்நீரில் அலசி, உலர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு பாவு ஓட்டுங்கள்.

அந்த மாதிரித் துண்டை எறியாமல், சேர்த்த இழைகளில் ஒரு விரற்கடை நீளத்தை அட்டையில் ஒட்டி, நம்பரும் நிறமும் வாங்கிய இடமும் அச்சும் எழுதிவையுங்கள். நெய்து முடிந்த துணியிலிருந்து நாலு இழையைப் பிரித்து எது எந்தக் கோன் என்று கண்டுபிடிப்பது மகா எரிச்சலான வேலை. என் அட்டைகளில் ஒன்று இப்படி இருக்கிறது: "2/40 அரக்கு 2, 2/40 ஆரஞ்சு 1, 2/60 கத்தரிப்பூ 1. அங்குலத்துக்கு 12. அலசியபின் அகலம் ஓர் அங்குலம் குறைந்தது. கத்தரிப்பூ சாயம் முதல் அலசலில் விடும், தனியாக அலசவும்."