பூச்சிமருந்துக்கு வீட்டில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊரில் சண்டை, கடன், குடி என்று ஏதாவதொரு ஆத்திரத்தில் பூச்சிமருந்தை எடுத்துவிடுகிறார்கள். ஊராக நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே முடியும். கடலூர் மாவட்டக் கிராமங்கள் இரண்டில், சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-ல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சக ஆய்வாளர்களும் மருந்துக்குப் பொதுக் கிடங்கு அமைத்தார்கள். விவசாயிக்குத் தனிப்பெட்டி, தனிப்பூட்டு. தெளிக்கும் நாளில் எடுத்துப்போய், மிச்சத்தை அங்கேயே திருப்பி வைக்க வேண்டும். பரணில் டப்பா கிடையாது. அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. சாகும் வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் அறை கேளுங்கள்.

பிழைத்து வந்தவரை யாரும் குத்திக்காட்டக் கூடாது. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். யாருக்காவது அந்த எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல் கூட இருந்து, மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேச வையுங்கள். இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.